முதலில் சொல், அப்புறம் போ: வேலையிடக் காவலாளிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டர்பன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கு. மத்தியானம் இரண்டு மணி இருக்கும். பின்பக்கம் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளிலிருந்து புகை கிளம்பியது. கேட்டில் நின்ற பையனுக்கு அது மூன்றாவது நாள் வேலை. நல்ல பையன், தைரியமானவன். புகையைப் பார்த்ததும் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பானைக் கழற்றிக்கொண்டு ஓடினான். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளே இருந்த யாரோ போன் செய்து, தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. கேட் பூட்டியிருக்கிறது. சாவிக்கொத்து பையனின் இடுப்பில். பையன் புகைக்குள்.

அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வண்டி வெளியே ஹாரன் அடித்துக்கொண்டு நின்ற அந்த நிமிடங்கள் எனக்கு மறக்கவே இல்லை. பையனைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. எதை முதலில் செய்ய வேண்டும், எதை இரண்டாவதாகச் செய்ய வேண்டும் என்று அவனுக்கு யாருமே சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அதிலிருந்து நான் பயிற்சி கொடுக்கும் ஒவ்வொருவரிடமும் முதல் நாளே சொல்வது இதுதான்: முதலில் சொல், அப்புறம் போ. கீழே உள்ள எல்லாமே இந்த ஒரு வரியை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்காகத்தான்.

1. வேலைக்கு நிற்கும் முன் இருக்க வேண்டியவை

தென்னாப்பிரிக்காவில் காவல் வேலைக்கு பி.எஸ்.ஐ.ஆர்.ஏ. என்ற தனியார் பாதுகாப்புத் தொழில் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு கட்டாயம். 2001ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்புத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. இ, டி, சி, பி, ஏ என்று கிரேடுகள் உண்டு. இ-யிலிருந்து மேலே போக வேண்டும். பதிவு அட்டை வேலை நேரத்தில் உங்களிடம் இருக்கட்டும். "பதிவு வந்துகொண்டே இருக்கிறது, நீ நாளைக்கே வந்து நில்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நாளைக்கு ஏதாவது நடந்து விசாரணை வந்தால் முதலில் மாட்டிக்கொள்வது பதிவில்லாமல் நின்றவர்தான்.

உடம்போடு இருக்க வேண்டிய பொருட்கள்: கைக்கடிகாரம், பாக்கெட் நோட்டு, இரண்டு பேனா, டார்ச், விசில், சார்ஜ் ஏறிய போன். பேனா இரண்டு எதற்கு என்றால், ஒன்றை எப்போதும் லாரி ஓட்டுநர் கையெழுத்துப் போட வாங்கிக்கொண்டு போய்விடுவார். விசில் எதற்கு என்றால், ரேடியோ பேட்டரி தீர்ந்தாலும், புகையில் தொண்டை அடைத்துக்கொண்டாலும் விசில் கேட்கும்.

மூன்று எண்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும். போலீஸ் 10111. ஆம்புலன்ஸ் 10177. செல்போனிலிருந்து 112, போனில் காசு இல்லாவிட்டாலும் இது போகும். இவற்றோடு உங்கள் கண்ட்ரோல் ரூம் எண், உங்கள் பகுதி தீயணைப்பு நிலையத்தின் நேரடி எண், அந்த இடத்து மேலாளரின் எண் ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதி காவல் அறைச் சுவரில் ஒட்டுங்கள். போனுக்குள் மட்டும் வைத்திருந்தால் போதாது. போன் விழுந்து உடைவது சரியாக அப்படிப்பட்ட நாளில்தான்.

முதலுதவிப் பயிற்சி வாங்கிவிடுங்கள். 10 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பயிற்சி பெற்ற முதலுதவியாளர் இருக்க வேண்டும் என்பது இந்நாட்டு விதி. ஆனால் அவர் பகலில் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவராகத்தான் பெரும்பாலும் இருப்பார். ராத்திரி மூன்று மணிக்கு அந்த இடத்தில் இருப்பது நீங்கள்.

2. ஷிப்ட் மாறும் 20 நிமிடம்

என் அனுபவத்தில், ஆபத்து வரும்போது சொதப்புகிறவர் அன்று காலை ஷிப்ட் வாங்கும்போதே சொதப்பியிருப்பார். ஆறு மணி ஷிப்ட்டுக்கு ஐந்து நாற்பதுக்கு வாருங்கள். இந்த 20 நிமிடத்துக்குச் சம்பளம் உண்டா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், அதை நிறுவனத்திடம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேள்விக்குப் பதில் வரும்வரை சாவியை எண்ணாமல் வாங்கக் கூடாது.

வரிசை இது. முதலில் ஓ.பி. புத்தகம், அதாவது ஷிப்டில் நடந்ததையெல்லாம் நேரத்தோடு எழுதி வைக்கும் நிகழ்வுப் புத்தகம். கடைசி 12 மணி நேரத்தில் எழுதியதை வாசியுங்கள். பிறகு, முந்தைய காவலாளி வீட்டுக்குப் போகும் முன் அவரோடு ஒரு சுற்று நடங்கள். புத்தகத்தில் எழுதாத விஷயம் நடக்கும்போதுதான் வாயிலிருந்து வரும். "அந்தப் பக்கக் கதவு கொஞ்சம் சிக்குது, தம்பி, தோளால தள்ளணும்" என்பார். இதை எந்தப் புத்தகத்திலும் நீங்கள் பார்க்க முடியாது.

சாவிகளைக் கொத்தாக வாங்காமல் ஒவ்வொன்றாக எண்ணி, எது எந்தக் கதவுக்கு என்று கேட்டு வாங்குங்கள். ரேடியோவில் கண்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டு, பதில் வந்த நேரத்தை எழுதுங்கள். அவசர பட்டனைச் சோதிக்கும் முன் "சோதனை" என்று சொல்லிவிட்டு அழுத்துங்கள். இல்லையென்றால் ஆயுதம் ஏந்திய குழு வாசலில் வந்து நிற்கும்.

தீயணைப்பான்கள்: அழுத்தமானியின் முள் பச்சையில் இருக்கிறதா, பாதுகாப்பு ஊசி (பின்) இருக்கிறதா, சீல் உடையாமல் இருக்கிறதா, சர்வீஸ் தேதி கடந்துவிட்டதா. அவசர வழிக் கதவுகளை ஒருமுறை திறந்து மூடுங்கள். பார்த்தால் போதாது, திறக்க வேண்டும். வெளிப்பக்கம் யாரோ பலகை அடுக்கி வைத்திருப்பது உள்ளேயிருந்து பார்த்தால் தெரியாது.

மின்சாரக் கேட் இருந்தால், மின்சாரம் போனபின் கையால் திறக்கும் சாவி எங்கே என்று கேளுங்கள். கேட்பதோடு நிறுத்தாமல் ஒருமுறை கையால் திறந்தும் பாருங்கள். லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலத்தில் இதை எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்டின் பேட்டரி தொடர்ந்து பல மின்வெட்டுகளைத் தாங்காது.

கடைசியாக, இந்த நிமிடம் உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை. இது தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஏன் என்பது ஏழாம் பகுதியில் தெரியும்.

3. கேட்டும் வருகைப் பதிவேடும்

புதியவர்கள் பதிவேட்டைத் திருடனைப் பிடிக்கிற புத்தகம் என்று நினைக்கிறார்கள். அதனால் உள்ளே வரும் நேரத்தைக் கவனமாக எழுதிவிட்டு, வெளியே போகும் நேரத்தை விட்டுவிடுகிறார்கள். தீ விபத்தில் அந்தப் புத்தகம் ஒரு உயிர்க்கணக்கு. வெளியே போன நேரம் எழுதப்படாத ஒரு பெயர் இருந்தால், வீட்டுக்குப் போய் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருவரைத் தேடி ஒரு தீயணைப்பு வீரர் புகைக்குள் போக வேண்டியிருக்கும்.

பதிவேட்டில் அடையாள எண்ணும் போன் எண்ணும் இருக்கும். புத்தகத்தைத் திறந்து மேசை மேல் வைத்துவிட்டு நகராதீர்கள். வரிசையில் நிற்பவர் முந்தைய ஆளின் எண்ணைப் படம் எடுக்கக் கூடாது. போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இது மரியாதைப் பிரச்சினை மட்டுமல்ல, சட்டப் பிரச்சினையும்கூட.

பையைச் சோதிப்பதாக இருந்தால் கேட்டில் அறிவிப்புப் பலகை இருக்க வேண்டும், ஆளிடம் கேட்டுச் சம்மதம் வாங்க வேண்டும், எல்லோரையும் ஒரே மாதிரி சோதிக்க வேண்டும். தெரிந்த முகத்தை விட்டுவிட்டு, தெரியாத முகத்தையோ வேறு நிறத்து முகத்தையோ மட்டும் நிறுத்தினால் அது காவல் இல்லை, அவமானப்படுத்துவது. பெண்ணின் உடலைப் பெண் காவலாளி மட்டுமே சோதிக்கலாம். பெண் காவலாளி இல்லையென்றால் வேறு வேலையிடத்திலிருந்து வரவழைக்கும் வரை காத்திருங்கள். சம்மதிக்காதவரைத் தொட வேண்டாம். உள்ளே விடாமல் மேலாளரைக் கூப்பிடுங்கள்.

வெல்டிங், கட்டிங் வேலைக்கு வருகிறவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டடம், எத்தனை மணிக்கு முடித்தார்கள். தீப்பொறி ஒரு இடுக்கில் விழுந்து, ஆட்கள் கிளம்பிப் போய் அரைமணி ஒருமணி கழித்துப் புகையும். அவர்கள் போன பிறகு அந்த இடத்தை இரண்டு முறையாவது போய்ப் பாருங்கள்.

4. ரோந்து

ஒரே நேரத்தில், ஒரே வழியில் சுற்றாதீர்கள். வெளியே இருந்து கவனிக்கிறவனுக்கு அது பஸ் டைம்டேபிள் மாதிரி.

கண்ணை மட்டும் நம்பி நடக்காதீர்கள். மூடிய கதவைத் திறக்கும் முன் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுடுகிறது என்றால் திறக்கக் கூடாது. மின்பலகை அறைக்கு வெளியே ஒரு நிமிடம் நின்று கேளுங்கள்; வழக்கமாக இல்லாத ரீங்காரம், பிளாஸ்டிக் கருகும் வாடை இரண்டுமே செய்திதான். ஒரு ராத்திரி எங்கள் ஆள் ஒருவர், "அண்ணா, மீன் வாடை அடிக்குது, ஆனா இங்க மீனே இல்லையே" என்று ரேடியோவில் சொன்னார். சூடேறிய மின் இணைப்பிலிருந்து சில சமயம் மீன் மாதிரிதான் வாடை வரும். எலக்ட்ரீஷியன் வந்து திறந்து பார்த்தபோது உள்ளே ஒரு ஒயரின் உறை உருகியிருந்தது.

தவறு கண்டால் மூன்றும் செய்யுங்கள்: எழுதுங்கள், சொல்லுங்கள், படம் எடுத்துச் சூப்பர்வைசருக்கு அனுப்புங்கள். அவசர வழியை அடைத்து நிற்கும் பலகையை எத்தனை முறை எடுக்கச் சொன்னாலும் மறுநாள் வந்து நிற்கும். நீங்களும் மறுநாள் எழுதுங்கள். 1993ஆம் ஆண்டின் தொழில் சுகாதாரம், பாதுகாப்புச் சட்டப்படி ஆபத்தான நிலையைக் கண்டால் தெரிவிப்பது தொழிலாளியின் கடமை.

5. எது நடந்தாலும் முதல் ஒரு நிமிடம்

தீயோ, மயக்கமோ, கொள்ளையோ, வரிசை ஒன்றுதான். நில், பார், சொல், அப்புறம் போ.

நிற்பது எதற்கு? விழுந்து கிடப்பவரை நோக்கி ஓடுகிறவர், அவர் ஏன் விழுந்தார் என்று பார்ப்பதில்லை. மின்சாரம் தாக்கி விழுந்தவரைத் தொட்டால் இரண்டாவது ஆள் நீங்கள். தொட்டிக்குள் வாயுவில் மயங்கியவரை எடுக்க இறங்கினாலும் அப்படித்தான். இரண்டு மூச்சு நேரம் நில்லுங்கள். சுற்றிப் பாருங்கள்.

சொல்வதிலும் வரிசை இருக்கிறது. புதியவர்கள் "ஐயோ, தீ, தீ, சீக்கிரம் வாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியாது. முதலில் இடம். லைன் அறுந்தாலும் இடம் மட்டும் போய்ச் சேர்ந்திருந்தால் யாராவது வந்துவிடுவார்கள். பிறகு என்ன நடந்தது, எத்தனை பேருக்கு அடி, இன்னும் என்ன ஆபத்து இருக்கிறது, எந்தக் கேட் வழியாக வர வேண்டும், திருப்பிக் கூப்பிட எண். மறுமுனையில் இருப்பவர் வைக்கச் சொன்ன பிறகு வையுங்கள்.

ரேடியோவில் இப்படி: "கண்ட்ரோல், இது மெயின் கேட். சி கட்டடம், பின்பக்க லோடிங் தளம். அட்டைப்பெட்டியில் தீ. அடிபட்டவர் யாரும் தெரியவில்லை. பக்கத்தில் கேஸ் சிலிண்டர் கூண்டு இருக்கிறது. இரண்டாவது கேட் வழியாக வரச் சொல்லுங்கள், அதை நான் திறந்து வைக்கிறேன்." சொல்லிப் பாருங்கள், 20 விநாடிகூட ஆகாது. அந்தப் பையனுக்கு இந்த 20 விநாடிதான் தெரியாமல் போனது.

பயிற்சியில் இதை ஒவ்வொருவரையும் வாய்விட்டுச் சொல்ல வைக்கிறேன். அதுவும் இரண்டு மாடி ஓடி ஏறி மூச்சு வாங்கும்போது. உட்கார்ந்து அழகாகச் சொல்வது யாருக்கும் வரும்.

6. தீ

தீயை நீங்களே அணைக்க முயல நான்கும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். ஏற்கெனவே தகவல் சொல்லியாகிவிட்டது. தீ ஒரு குப்பைக்கூடை அளவுக்குள் இருக்கிறது. வெளியேறும் வழி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. கையில் இருப்பது அந்தத் தீக்குப் பொருத்தமான கருவி. ஒன்று குறைந்தாலும் கதவைச் சாத்திவிட்டு வெளியே வாருங்கள். சாத்தினால் போதும், பூட்ட வேண்டாம். சாத்திய கதவு தீக்குக் காற்றைக் குறைக்கும். பூட்டிய கதவு உள்ளே இருப்பவரை அடைத்துவிடும்.

உலர் தூள் தீயணைப்பான் காகிதம், எண்ணெய், மின்சாரம் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் உதவும். மின்பலகை, கணினி போன்றவற்றுக்கு கார்பன் டை ஆக்சைடு நல்லது. ஆனால் அதன் ஊதுகுழலைக் கையால் பிடிக்காதீர்கள், குளிரில் தோல் ஒட்டிக்கொள்ளும். கேன்டீன் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் கூடவே கூடாது, எண்ணெய் பீறிட்டு முகத்துக்கு வரும். அடுப்பை அணைத்து, மூடி போட்டு மூடுங்கள்.

பின்னை இழுங்கள், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள், தீயின் அடியைக் குறி வையுங்கள், அழுத்திப் பக்கவாட்டில் வீசுங்கள். எல்லோரும் செய்யும் தவறு, ஜுவாலையை நோக்கி அடிப்பது. எரிவது அடியில் இருக்கும் பொருள். இன்னொரு தவறு, கருவி ரொம்ப நேரம் வரும் என்று நினைப்பது. 9 கிலோ கருவிகூட அரை நிமிடம் தாங்காது. ஒன்று தீர்ந்தும் தீ அணையவில்லையா, வெளியே போகும் நேரம் வந்துவிட்டது. இரண்டாவதைத் தேடி ஓடாதீர்கள்.

7. ஆட்களை வெளியேற்றுதல்

காவலாளியின் மதிப்பு முழுவதும் தெரிவது இங்கேதான். தீயை அணைக்க வேறு ஆட்கள் வருவார்கள். கேட், சாவி, பதிவேடு இந்த மூன்றும் உங்கள் கையில் மட்டுமே இருக்கின்றன.

அலாரம் அடித்ததும் செய்ய வேண்டியது: எல்லா வாகனக் கேட்டையும் திறந்து வைத்து, உள்ளே வரும் வண்டிகளை நிறுத்துங்கள். வழியில் நிற்கும் லாரியை நகர்த்தச் சொல்லுங்கள். தீயணைப்பு வண்டி அகலமானது, திரும்ப இடம் வேண்டும். வருகைப் பதிவேட்டையும் சாவிக்கொத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு காவலாளிகள் இருந்தால் ஒருவர் கேட்டில் நிற்கட்டும், ஒருவர் பதிவேட்டோடு ஒன்றுகூடும் இடத்துக்குப் போகட்டும். ஒருவர் மட்டும்தான் என்றால் கேட்டில் நின்று, பதிவேட்டை மாடிப் பொறுப்பாளர் ஒருவர் கையில் கொடுத்தனுப்புங்கள். கேட் காலியாகக் கூடாது. ஆட்கள் வெளியே வரும் அமளியில் உள்ளே புகுந்து திருடுகிறவர்கள் இருக்கிறார்கள். அலாரத்தையே அதற்காக அடிக்க வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

எந்த மொழியில் கத்துவது என்று முன்பே முடிவு செய்யுங்கள். நம் கிடங்குகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் ஜூலு பேசுகிறவர்கள். "உம்லிலோ! புமானி!" என்றால் தீ, வெளியே வாருங்கள். இந்த இரண்டு சொல்லும் ஆங்கிலத்தில் நீளமாகக் கத்துவதைவிட வேகமாக ஆட்களை நகர்த்தும். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் வருகிற நம் பிள்ளைகளுக்கு இது ஏற்கெனவே தெரியும். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

லிஃப்ட் வேண்டாம். புகை இருந்தால் குனிந்து போகச் சொல்லுங்கள், தரைக்குப் பக்கத்தில் காற்று கொஞ்சம் சுத்தமாக இருக்கும். சக்கர நாற்காலியில் இருப்பவர், கர்ப்பிணி, காது கேளாதவர் ஆகியோருக்கு யார் துணை என்பதைப் பயிற்சி ஒத்திகையின்போதே பெயர் சொல்லி முடிவு செய்ய வேண்டும். அந்த நேரத்தில் "யாராவது பாருங்க" என்று சொன்னால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஒன்றுகூடும் இடத்தின் பலகையை வாகனக் கேட்டுக்கு நேரே வைத்திருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். தீயணைப்பு வண்டி வரும் வழியில் 80 பேர் நிற்பார்கள். உங்கள் தளத்திலும் அப்படி இருந்தால் இன்றைக்கே எழுதிக் கொடுங்கள்.

பெயர் கூப்பிட்டுக் கணக்கு எடுக்க வேண்டும். தலையை எண்ணினால் தப்பும். பக்கத்துக் கட்டடத்து ஆள் ஒருவர் வேடிக்கை பார்க்க வந்து நிற்பார், கணக்கு சரியாகிவிடும். குறையும் பெயரைத் தீயணைப்பு அதிகாரியிடம் சொல்லுங்கள்: பெயர், கடைசியாக எங்கே பார்த்தது, எந்த மாடி. நீங்கள் தேடிப் போக வேண்டாம்.

அப்புறம் வருவது மிகக் கஷ்டமான பகுதி. "போனை மேசையில விட்டுட்டேன், ஒரே நிமிஷம் அண்ணா" என்று வருவார்கள். மேலாளரே வருவார். அலாரம் நின்றுவிட்டது, புகையும் தெரியவில்லை என்பார்கள். தீயணைப்பு அதிகாரி சரி என்று சொல்லும்வரை ஒருவரையும் உள்ளே விடக் கூடாது. மரியாதையாகச் சொல்லுங்கள்: "சார், உங்க பேரை இப்பத்தான் வெளிய வந்தவங்க பட்டியல்ல எழுதினேன். திரும்ப உள்ள போனா உங்களைத் தேடி ஒருத்தர் வரணும்." இதைக் கேட்டுவிட்டு மீறிப் போனவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

8. மயங்கி விழுந்தவர், அடிபட்டவர்

கூப்பிட்டுப் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அழுத்தத் தொடங்குங்கள். 5 சென்டிமீட்டராவது உள்ளே போக வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. பயிற்சி இருந்தால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இல்லையென்றால் அழுத்தம் மட்டும் போதும், நிறுத்தாதீர்கள். களைத்தால் அடுத்தவரிடம் மாற்றுங்கள்.

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அதனால் ஒரு பயனும் இல்லை, துடிக்கும் கையில் சாவி காயப்படுத்தும். வாயில் கரண்டியும் வேண்டாம், துணியும் வேண்டாம். தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வையுங்கள், சுற்றியிருக்கும் பொருட்களை நகர்த்துங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். துடிப்பு நின்றதும் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ் கட்டாயம்.

ரத்தம் கொட்டினால் துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள்; எட்டிப் பார்க்க எடுத்து எடுத்து மூடாதீர்கள். உயரத்திலிருந்து விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். ஒருவரைக் கேட்டுக்கு அனுப்பி ஆம்புலன்ஸை நேரே அழைத்து வரச் சொல்லுங்கள்.

9. கொள்ளையும் பிடித்து வைத்தலும்

துப்பாக்கியோடு வந்தால் எதிர்க்காதீர்கள். கேட்பதைக் கொடுங்கள். கைகள் தெரியும்படி இருக்கட்டும், அசையும் முன் சொல்லிவிட்டு அசையுங்கள். அவசர பட்டன் அவர்கள் பார்க்காமல் அழுத்த முடிந்தால் மட்டுமே. அந்தக் கிடங்கில் இருக்கும் எந்தச் சரக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு அப்பா இல்லாமல் போகும் அளவுக்கு விலை கொண்டதல்ல. முகத்தையே உற்றுப் பார்க்காமல் காலணி, தழும்பு, பேச்சு, வண்டியின் நிறம், போன திசை ஆகியவற்றை மனதில் பதியுங்கள். அவர்கள் போன பிறகுதான் சொல்ல முடியும். போனதும் உடனே சொல்லுங்கள், துரத்தாதீர்கள்.

தீபாவளி சமயத்தில் சத்தம் பட்டாசா துப்பாக்கியா என்று குழப்பம் வரும். துப்பாக்கி என்றே வைத்துக்கொண்டு செங்கல் சுவருக்குப் பின்னால் குனியுங்கள். தகரக் காவல் அறை தோட்டாவைத் தடுக்காது.

ஆயுதம் இல்லாத திருடன் உங்கள் கண்ணெதிரில் அகப்பட்டால், 1977ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு தனி நபருக்கும் பிடித்து வைக்கும் அதிகாரம் தருகிறது. எதற்காகப் பிடிக்கிறேன் என்று சொல்லுங்கள், உடனே போலீஸைக் கூப்பிடுங்கள், ஒப்படையுங்கள். அடிக்கவோ, அறையில் பூட்டி விசாரிக்கவோ உங்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. சுற்றி நிற்கும் ஆட்கள் அடிக்க வந்தால் அந்த ஆளைக் காப்பாற்றுவதும் அப்போது உங்கள் வேலை.

10. வாயு, ரசாயனம், வெள்ளம்

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். வாடை வந்தால் விளக்கு சுவிட்சைத் தொடாதீர்கள்; போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரேடியோவும் போனும் தள்ளிப் போன பிறகு. இந்த ஒரு இடத்தில் மட்டும் வரிசை மாறும்: முதலில் விலகு, அப்புறம் சொல்.

குளிர்பதனக் கிடங்குகளில் அம்மோனியா இருக்கும். மூக்கை அறுக்கும் வாடை வந்ததும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கொடியையோ மரத்தையோ பார்த்து, காற்றுக்குக் குறுக்காக நகர்ந்து, பிறகு காற்று வரும் பக்கம் போங்கள். ஒன்றுகூடும் இடம் காற்று போகும் திசையில் இருந்தால் ஆட்களை வேறு இடத்துக்கு அனுப்புங்கள்.

2021 ஜூலை கலவரத்தில் கார்னூபியாவில் ஒரு வேளாண் ரசாயனக் கிடங்கு எரிந்தது. தீயணைத்த தண்ணீரோடு ரசாயனம் ஆற்றில் கலந்து, கடற்கரைகளை மூட வேண்டி வந்தது. அந்த நாட்களை டர்பனில் இருந்த யாரும் மறக்க மாட்டார்கள். அதிலிருந்து நான் ஒவ்வொரு தளத்திலும் கேட்பது, உள்ளே என்னென்ன ரசாயனம் எவ்வளவு, எந்த இடத்தில் இருக்கிறது என்ற பட்டியலின் ஒரு பிரதி காவல் அறையில் இருக்க வேண்டும் என்பது. அலுவலக அலமாரியில் இருக்கும் பட்டியல் அலுவலகத்தோடு எரிந்துவிடும். தீயணைப்பு அதிகாரி வண்டியிலிருந்து இறங்கியதும் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று.

வெள்ளத்துக்கு 2022 ஏப்ரல் பாடம். அந்த மழையில் டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். உங்கள் தளம் ஆற்றோரமோ, மேட்டின் அடிவாரமோ என்றால் பெருமழை இரவில் மணிக்கு ஒருமுறை வடிகாலைப் பாருங்கள். சுவரோரம் மண் விரிசல் விட்டால், தண்ணீர் திடீரென்று சேறாக வந்தால் அங்கே நிற்காதீர்கள். ஓடும் தண்ணீர் முழங்காலைத் தொடும் முன் மேடான இடத்துக்குப் போய்விடுங்கள், கேட்டையும் விட்டுவிட்டு.

11. அடங்கிய பிறகு

எல்லோரும் ஆசுவாசப்படும் நேரத்தில் காவலாளிக்கு இன்னும் வேலை இருக்கிறது. ஒருவர் இறந்தாலோ, நினைவிழந்தாலோ, உறுப்பை இழந்தாலோ, 14 நாட்களோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாத அளவு அடிபட்டாலோ, அதைத் தொழில் துறை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டிய பொறுப்பு முதலாளிக்கு உண்டு. மோசமான விபத்தில் ஆய்வாளர் சம்மதமில்லாமல் அந்த இடத்தைக் கலைக்கக் கூடாது. அடிபட்டவரை எடுக்கவும், இன்னொரு விபத்தைத் தடுக்கவும் மட்டுமே கை வைக்கலாம். நல்ல மனதோடு ரத்தத்தைக் கழுவிவிட வாளியோடு வருவார்கள். தடுத்து நிறுத்துங்கள். நாடா கட்டி, யார் யார் உள்ளே போனார்கள், எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள்.

போனில் எடுத்த படம் சூப்பர்வைசருக்கும் போலீஸுக்கும் மட்டும். குடும்பத்துக்குத் தகவல் போகும் முன் வாட்ஸ்அப் குழுவில் அவர்கள் அப்பாவின் படம் போய்ச் சேர்வதைப் போன்ற கொடுமை வேறில்லை.

ஓ.பி. புத்தகத்தில் நீங்கள் கண்டது, கேட்டது, செய்தது மட்டும் இருக்கட்டும். காரணத்தை ஊகித்து எழுதாதீர்கள். 24 மணி நேரக் கணக்கில் நேரம், இடையில் காலி வரி விடக் கூடாது, பக்கம் கிழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. தப்பாக எழுதினால் ஒரே கோடு இழுத்து, சுருக்கக் கையெழுத்துப் போட்டுச் சரியாக எழுதுங்கள்.

"14:07 சி கட்டட லோடிங் தளத்தில் புகை கண்டேன். 14:07 கண்ட்ரோலுக்கு ரேடியோவில் சொன்னேன், பதில் வந்தது. 14:09 இரண்டாவது கேட்டைத் திறந்தேன். 14:10 பதிவேட்டை ஒன்றுகூடும் இடத்துக்கு அனுப்பினேன். 14:19 தீயணைப்பு வண்டி உள்ளே வந்தது." இப்படி இருந்தால் ஆறு மாதம் கழித்து விசாரணையில் உட்காரும்போதும் தைரியமாகப் பதில் சொல்லலாம். "வெல்டிங்காரர்களின் அஜாக்கிரதையால் தீ" என்று எழுதியவரை வக்கீல் ஒரு மணி நேரம் நிறுத்திக் கேட்பார்: நீங்கள் பார்த்தீர்களா?

பயன்படுத்திய தீயணைப்பானைத் திரும்பச் சுவரில் மாட்டாதீர்கள். பாதி தீர்ந்திருந்தாலும் அது காலிதான். படுக்க வைத்து, "காலி" என்று சீட்டு ஒட்டி, மாற்றுக் கருவி எப்போது வரும் என்று கேட்டு எழுதுங்கள். முதலுதவிப் பெட்டியில் குறைந்ததை நிரப்பச் சொல்லுங்கள். அடுத்த ஷிப்ட் ஆள் வந்ததும் நடந்ததை வாயால் சொல்லி, அவரை அந்த இடத்துக்கே கூட்டிப் போய்க் காட்டுங்கள். எரிந்த இடத்தை அவர் ராத்திரி முழுவதும் மணிக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும், அட்டைக் குவியலின் அடியில் கனல் நெடுநேரம் இருக்கும். சாவியை எண்ணிக் கொடுத்து, அவர் கையெழுத்து வாங்கிய பிறகு வீட்டுக்குப் போங்கள்.